இரண்டு கால் குறைந்த தேள்

சங்கரன்கோவிலில் கோயில் வாசலுக்குப் போகும் தெருவில், தெற்கு வரிசையில் ஏழாவது கடை சங்கரசுப்பு பத்தருடையது. எட்டாவது கடை அவர் மனைவியின் தம்பி இசக்கிப்பாண்டி பத்தருடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். இரண்டு கடையிலும் ஒரே தொழில், உருத்தகடு அடிப்பது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும், தேள் கொட்டிய பிள்ளை பிழைத்தாலும், கண்வலி நீங்கினாலும், நேர்ந்துகொண்டவர்கள் அந்தந்த உருவை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். பாம்பு, தேள், பூரான், கண், கை, தொட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு உண்டு. இரண்டு விரல் அகல வெண்கலத் துண்டில் உருவைக் குழிவாக வெட்டியிருப்பார்கள். அதன்மேல் தகட்டை விரித்து, ஈயக் கட்டியை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால் தகடு புடைத்து எழும்.

நான் 1944 முதல் 1957 வரை பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் வேலை பார்த்தேன். எதிர் வரிசையில், ஈயம் பூசும் பாதுஷாவின் கடைக்கு மேலிருந்த மாடியறையில் குடியிருந்தேன். சன்னலைத் திறந்தால் இரண்டு கடைகளும் தெரியும். இங்கே எழுதுபவற்றில் பெரும்பகுதி நான் கண்டது. காணாததைப் பத்தரே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

சங்கரசுப்பு பத்தர் ராயகிரிக்காரர். 1904-ல் பிறந்தவர். 1929-ல் பிரம்மநாயகியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, மாமனார் கடைக்குப் பக்கத்திலேயே தனிக்கடை போட்டார். மாமனார் இறந்தபின் அந்தக் கடையும் அதிலிருந்த அச்சுகளும் இசக்கிப்பாண்டிக்குப் போயின. அச்சுகளை வெட்டியவர் இசக்கிப்பாண்டியின் தாத்தா. சங்கரசுப்பு பத்தரோ தம் அச்சுகள் அனைத்தையும் தாமே வெட்டிக்கொண்டவர். அவர் வெட்டிய கண் அச்சில் இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த வட்டாரத்தில் அவரைப்போல் உளி பிடிக்க ஆளில்லை என்று மற்றத் தட்டார்களே சொல்வார்கள்.

ஆனால் வாங்குகிறவர்கள் எட்டாவது கடைக்குத்தான் போனார்கள்.

பத்தரால் இதைத் தாங்க முடியவில்லை. இரண்டு கடைக்கும் ஒரே இடத்திலிருந்துதான் தகடு வருகிறது. எடையும் ஒன்று, விலையும் ஒன்று. மைத்துனனைவிட அவர் பதின்மூன்று வயது மூத்தவர், கைத்திறனும் கூடியவர். பிறகு ஏன்? ஒருநாள் மாடியேறி என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எழுத்துவேலை பாக்குதவுக. ஒரு லீவு நாள்ல சன்னல்ல உக்காந்து எண்ணிச் சொல்லணும். அவன் கடைக்கு எத்தன தலை, என் கடைக்கு எத்தன தலை."

"எண்ணி என்ன செய்யப் போறிய பத்தரே?"

"என் கண்ணுக்கு அங்கன கூட்டமாத் தெரியுது. கண்ணு பொய் சொல்லுதான்னு பாக்கணும்லா."

1948 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு வரை எண்ணினேன். எட்டாவது கடையில் நாற்பத்தொரு பேர். ஏழாவதில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் பேருந்து நிற்கும் இடத்தைக் கேட்டுப் போனவர்கள். உண்மையைச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால், அந்த இரண்டு பேரையாவது வாங்கியவர்கள் கணக்கில் சேர்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது என் பழக்கமில்லை.

அதற்கு ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 25 அன்று, விறகு அடுக்கிலிருந்து கட்டை உருவும்போது பத்தரையே தேள் கொட்டிவிட்டது. வலியில் துடித்தபடியே செருப்பால் அதை அடித்தார். வலி அடங்கிய மறுநாள், அடிபட்ட தேளை ஒரு தகட்டில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். தொழிலாளியின் கண்ணல்லவா, எண்ணிவிட்டார். முன்னால் இரண்டு இடுக்கி, பின்னால் கொடுக்கு, உடம்பின் இரு பக்கமும் நாலு நாலாக எட்டுக் கால்.

உடனே எழுந்து தம் கடைத் தேளை எடுத்துப் பார்த்தார். ஆறு கால். மாமனார் கடைத் தேளைப் பார்த்துத்தான் அவர் அந்த அச்சை வெட்டியிருந்தார். பலகைத் தடுப்புக்கு மேலாக எட்டி, மைத்துனன் கடையில் அடுக்கியிருந்த தேள்களைப் பார்த்தார். அத்தனைக்கும் ஆறு கால். மூன்று தலைமுறையாக அந்தத் தெருவிலிருந்து அம்மனுக்குப் போன தேள்களுக்கெல்லாம் இரண்டு கால் குறைவு.

அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கொட்டு வாங்கிய விரல் வீங்கியிருக்கும்போதே புதிய அச்சு வெட்ட உட்கார்ந்தார். பதினெட்டு நாள் வேலை. எட்டுக் காலும் கணுக்கணுவாக மடிந்து நிற்கும் தேள். தகட்டில் அடித்து எடுத்தபோது பாதுஷாகூட ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இனிமே பாருங்க. சரியான தேள் எங்கன கிடைக்கும்னு சனங்களுக்குத் தெரியும்லா" என்றார் பத்தர்.

"வே பத்தரே, தேளைக் கண்டா நாம கால் எண்ணிக்கிட்டா நிப்போம்? ஓடுதோம். எவனுக்குவே தெரியும் எத்தனை கால்னு?" என்றார் பாதுஷா.

முதலில் வந்தவள் பனவடலிசத்திரத்து விவசாயி வீட்டுப் பெண், முத்துமாரியம்மாள். மகனைத் தேள் கொட்டி அவன் பிழைத்ததற்காக நேர்ந்திருந்தாள். எட்டாவது கடையில் கூட்டமாக இருந்ததால் ஏழாவது கடையில் நின்றாள். பத்தர் புதிய தேளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்தரே, நான் தேளுல்லா கேட்டேன். நண்டு குடுக்கிய!"

"நண்டா? ஏட்டி, நல்லாப் பாரு. கால எண்ணு. எட்டு. தேளுக்கு எட்டுக் கால்தான்."

"ஒங்க ஊர்த் தேளுக்கு எட்டு இருக்கும். எங்க ஊர்த் தேளு இப்பிடி இருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அங்கே ஆறு கால் தேள் ஒன்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இசக்கிப்பாண்டி சிரிக்கவில்லை. அவர் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் தெருவில் "நண்டுப் பத்தர்" என்ற பேர் நின்றுவிட்டது. பூக்கட்டுகிறவர்களும் நெசவுத் தெருக்காரர்களும் கடையைக் கடக்கும்போது, "என்ன பத்தரே, இன்னைக்கு நண்டு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பத்தர் விடவில்லை. சான்று காட்டுவதென்று தீர்மானித்தார். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் உயிருள்ள கருந்தேளைப் பிடித்து அடைத்து, மூடியில் துளைபோட்டு, கடை முகப்பில் புதிய தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

இதுதான் அவர் செய்த பெரும் பிழை. அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் தேளும் பாம்பும் தங்களை விட்டு விலகிப் போக வேண்டுமென்று கும்பிட வருகிறவர்கள். அவற்றை அம்மனின் பரிவாரம் என்று நினைப்பவர்கள். அதைப் பிடித்து, ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்து, அவள் வாசலிலேயே காட்சிக்கு வைத்தால்?

"பாவி, அடைச்சுல்லா வச்சிருக்கான்! இவன் கையால உரு வாங்கினா வெளங்குமா?" என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவர் கடையில் ஒருவரும் ஏறவில்லை. மறுநாள் பிரம்மநாயகி பாட்டிலை எடுத்துப் போய் ஊருக்கு வெளியே கல்மேட்டில் திறந்துவிட்டு, தலை முழுகிவிட்டு வந்தார்.

"எந்தம்பி தேளுக்கு ரெண்டு காலு கொறஞ்சா ஒங்களுக்கு என்னங்க வந்துச்சு? ஒங்களுக்கா நொண்டுது?" என்று கேட்டார்.

"ஒனக்கு எப்பவும் ஒன் தம்பிதான்" என்றார் பத்தர்.

தெருவில் வேறு பேச்சும் உண்டு. கோயில் கதையில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள், எந்தச் சாமி பெரிது என்று சண்டை போட்டு வந்தவை. பாதுஷா இவர்கள் இருவருக்கும் அந்தப் பேர்களை வைத்துவிட்டார். "சங்கன் கடை தொறந்தாச்சு, பதுமன் கடை இன்னும் தொறக்கல" என்பார். ஆனால் சண்டைக்கு இருவர் வேண்டும். இங்கே சண்டை போட்டவர் ஒருவர்தான். இசக்கிப்பாண்டி "அத்தான்" என்றுதான் கூப்பிடுவார், நாள் கிழமைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். அதுவே பத்தரை இன்னும் எரித்தது.

என்னிடம் ஒருமுறை நியாயம் கேட்டார். எங்கள் அலுவலக விதியைச் சொன்னேன்: மூலத்தில் பிழை இருந்தால், பிழையோடுதான் நகல் எடுக்க வேண்டும். திருத்த நமக்கு அதிகாரமில்லை.

"ஒங்க ஆபீசுல பத்திரம் கொட்டாதுல்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான்கு வருடம் இப்படியே போனது. நந்தன வருடம், அதாவது 1952, கோயிலின் பெருவிழாவான ஆடித்தபசுக்குக் கொடியேறப் பத்து நாள் இருக்கும்போது, இசக்கிப்பாண்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் அசைக்கக்கூடாது என்றார். அந்தத் தெருவுக்கு ஆண்டு முழுவதற்குமான பிழைப்பே தபசு நாட்களில்தான். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்தும் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக வருவார்கள்.

கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இசக்கிப்பாண்டி அக்காள் வீட்டுக்கு வந்தார். இடது கையில் ஒரு மூட்டை. அதில் தாத்தாவின் அச்சுகள்.

"அத்தான், நான் ஒத்தக் கையால எடுத்துக் குடுத்துருவேன். அடிக்கத்தான் முடியாது. நீங்க அடிச்சுத் தரணும். வேற ஆள நம்பி இத எங்கையால குடுக்க மாட்டேன்."

பிரம்மநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேளு எத்தன வேணும்?" என்றார் பத்தர்.

"அறுநூறாவது வேணும் அத்தான்."

பத்தர் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

பாம்பு, பூரான், கை எல்லாம் இரண்டு நாளில் அடித்து முடித்தார். மூன்றாம் நாள் தேள் அச்சை எடுத்தார். நண்பகல், வீட்டில் வேறு யாருமில்லை. வெண்கலத்தில் அந்த ஆறு கால் தேள் குழிந்து கிடந்தது. வாலடியில், கடைசிக் கால்களுக்குப் பின்னால், வெற்றிடம் இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால் வெட்டத் தோதான இடம்.

பத்தர் என்னிடம் இதை மறைக்கவில்லை. தம் கையால் ஆறு கால் தேள் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று நினைத்தது ஒரு பாதி. மறுபாதி வேறு. எட்டுக் காலோடு மைத்துனன் கடையில் தேள் இருந்தால், அங்கேயும் ஒருத்தி வெயிலில் தூக்கிப் பிடித்து "இது நண்டுல்லா" என்பாள். நாலு பேர் சிரிப்பார்கள். தாம் நான்கு வருடம் கேட்டதை அவனும் ஒருநாள் கேட்கட்டும். வெண்கலத்தில் குழி வெட்டினால் வெட்டியதுதான், பழையபடி ஆக்க முடியாது. அது தெரிந்தேதான் உளியை எடுத்தார்.

வேலை சுத்தமாக இருந்தது. தாத்தாவின் உளிப்போக்கு எப்படியோ அப்படியே, அதே ஆழத்தில், அதே வளைவில் வெட்டினார். தம் கை தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம். அறுநூறு தேளும் அடித்துக் கட்டி, அச்சுகளோடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

கொடியேற்றத்தன்று காலையிலிருந்து பத்தர் கடையில் சுத்தியல் சத்தமே இல்லை. பலகைத் தடுப்பில் சாய்ந்து, காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது காரணம் தெரியாது. உடம்பு சரியில்லை போலும் என்றுகூட நினைத்தேன்.

முதல் தேளை ஒரு கிழவர் வாங்கினார். தலைப்பாகையில் முடிந்துகொண்டு போனார். இரண்டாவது, மூன்றாவது. மதியத்துக்குள் எழுபது எண்பது போயிருக்கும். யாரும் நண்டு என்று சொல்லவில்லை. யாரும் எண்ணவில்லை. ஒரு பெண் மட்டும் நின்று உற்றுப் பார்த்தாள். பத்தர் காதைப் பலகையோடு ஒட்டிக்கொண்டார்.

"இசக்கிப்பாண்டி பத்தர் தேளு இந்த வருசம் உசுரோட இருக்க மாதிரில்லா இருக்கு" என்றாள் அவள், கூட வந்தவளிடம். "இதுக்குத்தான் இந்தக் கடையிலயே வாங்கணும்ங்கது."

பத்து நாளும் இப்படியே. விழாவின் பெருநாளான தபசன்று மாலைக்கு முன்பே அறுநூறும் தீர்ந்துவிட்டது. பத்தரின் தேள்களில் பதினான்கு விற்றன.

கூட்டம் கலைந்த மறுநாள், பத்தர் தாமாகவே தடுப்பைச் சுற்றிக்கொண்டு எட்டாவது கடைக்குப் போனார். பாதுஷாவும் நானும் எதிரில் நின்றிருந்தோம்.

"மாப்ளே, அந்தத் தேள் அச்ச எடு."

எடுத்துக் கொடுத்தார்.

"இதுல கால் எத்தனன்னு பாத்தியா?"

"எட்டு" என்றார் இசக்கிப்பாண்டி. "கொடியேத்தத்தன்னைக்கு மூட்டைய அவுக்கும்போதே பாத்துட்டேன் அத்தான்."

"பாத்துட்டு ஏன்வே கேக்கல?"

"கேட்டா மட்டும் வெட்டின குழிய எடுத்துருவியளா? அக்கா காதுக்குப் போச்சுன்னா சோறு திங்க மாட்டா. அதான் விட்டுட்டேன்." இடது கை விரலால் அச்சைத் தொட்டு, "எங்க தாத்தா கையி அது" என்றார்.

வேறொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். பத்தருக்கு உறுத்தியது வேறு ஒன்று.

"அந்தப் பொம்பள உசுரோட இருக்குன்னாளே, அது எதனால? நான் வெட்டின ரெண்டு காலால. பேரு ஒனக்கா? இனிமே வாங்குதவுககிட்ட நீ சொல்லணும், இது எங்க அத்தான் வெட்டினதுன்னு."

"சொல்லுதேன் அத்தான்."

இசக்கிப்பாண்டி சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 15, விடுமுறை. நான் சன்னலில் இருந்தேன். சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தேள் கேட்டார். இசக்கிப்பாண்டி, தபசுக்குப் பின் பத்தர் மறுபடி அடித்துத் தந்திருந்ததில் ஒன்றை இடது கையால் எடுத்துக் கொடுத்து, பத்தருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணாச்சி, இதுல ரெண்டு காலு எங்க அத்தான் வெட்டினது. பக்கத்துக் கடைதான். பெரிய கைகாரர்."

"அப்பிடியா? எந்த ரெண்டு?"

இசக்கிப்பாண்டி தகட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார். "இந்தா... இது ரெண்டும்" என்று நடுக்கால்களைக் காட்டினார்.

"ஏலே, அது இல்ல!" தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பத்தர் கத்தினார். எழுந்து, தெருவில் இறங்கி, அந்தக் கடைக்குள் ஏறினார். தகட்டைப் பிடுங்கி, "கடைசி ரெண்டு. வாலுப் பக்கம். இங்கன பாருங்க, இந்த வளைவப் பாருங்க" என்றார்.

வந்தவர் பார்த்தார். "எல்லாம் ஒரே கை மாதிரில்லா இருக்கு."

"ஒரே கையா? எப்பிடி ஒரே கை? இது அறுவது வருசத்துக்கு முந்தி வெட்டினது, இது போன மாசம் வெட்டினது. அச்ச எடு மாப்ளே, காட்டுதேன். நல்ல வெளிச்சத்துக்கு வாங்க அண்ணாச்சி."

அச்சு வந்தது. பத்தர் உளிநுனியால் ஒவ்வொரு காலாகத் தொட்டுத் தொட்டு விளக்கத் தொடங்கினார். இன்னும் மூன்று பேர் கூடினார்கள். அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பத்தர் மறுபடியும் முதல் காலிலிருந்து தொடங்கினார்.

அந்த நேரத்தில் ஏழாவது கடைமுன் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கண் உரு வாங்க வந்தவர்கள். பத்தரின் கண் தகட்டை அந்தப் பெண் கையிலெடுத்து, இமைமயிரை விரலால் தடவிப் பார்த்தாள். கணவனிடம் காட்டினாள். கடையில் ஆளைத் தேடினார்கள். "பத்தரே" என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். பாதுஷா இங்கிருந்து, "வே சங்கன், ஒம்ம கடைக்கு ஆளு!" என்று குரல் கொடுத்தார். அவர் காதில் விழவில்லை. "வளைவுதான் அடையாளம், வளைவப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பெண் தகட்டை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். தடுப்பைச் சுற்றிப் போய், பத்தரின் முதுகுக்குப் பின்னால் நின்று, இசக்கிப்பாண்டியிடம் ஒரு சோடி கண் வாங்கிக்கொண்டு போனாள்.